ஆபரேஷன் ஏன் எப்பவுமே அவளுக்கு? ஆம்பளை, பொம்பளை, வெட்கம், உடம்பு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுல இருக்குற கேள்வி எல்லாம் பொதுவா காதோட காதா கேக்குறதுதான், கூடப்பொறந்த அக்காகிட்ட, ரூம்மேட்கிட்ட, இல்லனா ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள்கிட்ட. தமிழ்நாட்டு நிலவரத்தை வச்சுதான் பதில் எழுதிருக்கேன். நம்மாளுங்களுக்கு விவரம் தெரியாததாலதான் பிரச்சனைன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது பாதிதான் சரின்னு படுது. விவரம் தெரிஞ்சவங்களுக்கே அதை யார் வாயால கேக்கலாம், யார் எந்த டாக்டர் வாசல்ல நிக்கலாம்னு ஊர் ஒரு கணக்கு வச்சிருக்கு, அந்தக் கணக்குலதான் முக்காவாசி நோய் முத்துது.

ரெண்டாவது பிரசவம் முடிஞ்ச கையோட ஆபரேஷன் பண்ணிடலாமான்னு ஆஸ்பத்திரில கேக்குறாங்க, மாமியாரும் அதையே சொல்றாங்க. என் வீட்டுக்காரர்கிட்ட ஏன் யாருமே கேக்கல?

கேக்க மாட்டாங்க, அது பழகிப்போச்சு. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டு கணக்கைப் பாருங்க, 15ல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்குற கல்யாணமான பொண்ணுங்கள்ல கிட்டத்தட்ட 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. புருஷன் பண்ணிக்கிட்டது 0.1 சதவீதம். ஆயிரம் ஜோடியில ஒரே ஒரு ஆம்பளை. இந்தியா முழுக்க எடுத்தாலும் 37.9க்கு 0.3தான். இத்தனைக்கும் ரெண்டுல சுலபமானது ஆம்பளைக்கு பண்றதுதான், வயித்தைத் திறக்க வேண்டாம், முழு மயக்கம் வேண்டாம், பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

எப்பவும் இப்படியே இருந்துச்சான்னா இல்ல, இது கொஞ்சம் நீளமான கதை. 1950கள் கடைசியிலயே மெட்ராஸ் மாகாணத்துல வாசக்டமி, அதாவது ஆம்பளைக்கான கருத்தடை ஆபரேஷன், பண்ணிக்கிறவங்களுக்கு அரசாங்கம் பணம் குடுத்துச்சு. பக்கத்துல எர்ணாகுளத்துல 1971 ஜூலைல ஒரே முகாம்ல 60 ஆயிரம் பேருக்கு மேல வரிசைல நின்னு பண்ணிட்டுப் போனாங்க. அப்புறம் எமர்ஜென்சி வந்துச்சு. 1976-77ல நாடு முழுக்க 80 லட்சம் ஆபரேஷனுக்கு மேல, அதுல முக்கால்வாசி ஆம்பளைங்களுக்கு, வட மாநிலங்கள்ல போலீஸை வச்சு பிடிச்சிட்டுப் போய் பண்ணதெல்லாம் நடந்துச்சு. 1977 எலெக்ஷன்ல அரசாங்கமே கவுந்துச்சு, அதுக்கு இதுவும் ஒரு காரணம். அதுக்கப்புறம் எந்தக் கட்சிக்கும் ஆம்பளைங்ககிட்ட அந்தப் பேச்சை எடுக்க தைரியம் வரல. அதே சமயத்துல சின்ன ஓட்டை வழியா பொண்ணுங்களுக்கு ஆபரேஷன் பண்ற லேப்ராஸ்கோப் கருவி வந்துடுச்சு, பிரசவமும் ஆஸ்பத்திரிக்கு மாறிடுச்சு, பொண்ணு எப்படியும் அங்க படுத்துதான இருக்கா, ஒரு கையெழுத்து வாங்கினா டார்கெட் முடிஞ்சுது. ஆம்பளைங்கள கட்டாயப்படுத்தினது தப்புன்னு நாடே பாடம் கத்துக்கிச்சு, ஆனா பொண்ணுங்ககிட்ட கேக்காம முடிவெடுக்குறது தப்புன்னு கத்துக்கல, அதான் எனக்கு ஆத்தாமை.

அதே ஆய்வுல, இந்தியா முழுக்க எடுத்தா, கருத்தடைங்கிறது பொம்பளைங்க சமாச்சாரம், ஆம்பளை அதுல தலையிடத் தேவையில்லன்னு ஒத்துக்கிட்ட ஆம்பளைங்க 35.1 சதவீதம். மூணுல ஒருத்தர். உங்க வீட்டுக்காரர் அதுல ஒருத்தரான்னு ஏழாவது மாசத்துலயே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, பிரசவ வலில இருக்கும்போது பேச வேண்டிய பேச்சு இல்ல இது. அப்பவே முடிவு பண்ணணும்னு எந்த அவசரமும் கிடையாது, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர் டி போட்டுக்கிட்டு ஒரு வருஷம் கழிச்சுகூட யோசிக்கலாம்.

வாசக்டமி பண்ணா ஆம்பளைத்தனம் போயிடுமா? மூட்டை தூக்க முடியாதாமே?

போகாது, தூக்கலாம். விந்தணு வர்ற குழாயை மட்டும்தான் கட் பண்றாங்க. ஆம்பளை ஹார்மோன் ரத்தத்துல கலக்குறது, அதுக்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமில்ல, அதனால ஆசை, விறைப்பு, மீசை எதுவும் மாறாது. வெளிய வர்ற திரவத்துல விந்தணு ரொம்பக் கொஞ்சம்தான், அளவுல வித்தியாசம்கூடத் தெரியாது. கனமான வேலை ஒரு வாரம் போல வேண்டாம்னு சொல்வாங்க, அவ்ளோதான். கத்தி வைக்காம சின்ன ஓட்டை போட்டு பண்ற முறை 1974ல சீனாக்காரர் ஒரு டாக்டர் கொண்டு வந்தது, இப்ப இங்க அரசு ஆஸ்பத்திரிலயும் அதுதான் பண்றாங்க.

ஒரே ஒரு விஷயம் மறக்கக் கூடாது, பண்ண உடனே பலன் கிடையாது. குழாய்ல ஏற்கனவே இருக்குறது வெளியேற மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் காண்டம், அப்புறம் விந்து டெஸ்ட் பண்ணி ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வரணும். இதை ஒழுங்கா சொல்லாம அனுப்பிடுறதால நடுவுல பொண்டாட்டிக்கு நாள் தள்ளிப்போச்சுன்னா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க, டாக்டரைத் திட்ட மாட்டாங்க, அவ நடத்தைய சந்தேகப்படுவாங்க. அந்த ஒரு ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரிக்கு மறுபடி நடக்குறது அதனால ரொம்ப முக்கியம்.

கல்யாணமாகி நாலு மாசம். வேலை பாத்துட்டு இருக்கேன், ரெண்டு வருஷம் தள்ளிப்போடணும்னு ஆசை. ஆனா "ஏதாச்சும் விசேஷம் உண்டா"ன்னு கேட்டே கொல்றாங்க.

நம்ம ஊர்ல முதல் குழந்தைக்கு முன்னாடி கருத்தடைங்கிறதே குத்தம் மாதிரி. முதல்ல ஒண்ணு பெத்துக்கோ, மத்ததெல்லாம் அப்புறம்னு சொல்வாங்க. மாத்திரை சாப்பிட்டா கர்ப்பப்பை காஞ்சிடும், அப்புறம் புள்ளையே நிக்காதுன்னு யாராவது ஒரு அத்தை சொல்லியிருப்பாங்க, அது பொய். தினசரி மாத்திரையை நிறுத்தினா கருத்தரிக்கிற தன்மை சீக்கிரமே திரும்பிடும், காப்பர் டியை எடுத்தாலும் அப்படித்தான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி மட்டும் நிறுத்தின பிறகு திரும்பி வர கொஞ்சம் லேட்டாகும், அதை மனசுல வச்சு முடிவு பண்ணுங்க. காண்டம்னா உங்க உடம்புக்குள்ள எதுவுமே போறதில்ல.

மாமியாருக்கு பதில் யார் சொல்லணும்னு கேட்டா, அவங்க புள்ளைதான். நீங்க சொன்னா திமிரு, அவர் சொன்னா முடிவு. அநியாயம்தான், ஆனா அந்த அநியாயத்தை இந்த ஒரு இடத்துலயாவது நமக்கு சாதகமா யூஸ் பண்ணிக்கலாம்ல.

மூணு வருஷமாச்சு, குழந்தை இல்ல. எனக்கு ஸ்கேன், ரத்த டெஸ்ட், ட்யூப் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. அவர் ஒரு டெஸ்டுக்கும் வர மாட்டேங்குறார்.

இது ரொம்ப சாதாரணமா நடக்குது, நடக்கக் கூடாது. குழந்தை தாமதமாகுற ஜோடிங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர்கிட்ட ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கும், அவர் மட்டுமே காரணமா இருக்கலாம், ரெண்டு பேருமா இருக்கலாம். விந்துப் பரிசோதனை இருக்குறதுலயே மலிவானது, வலி இல்லாதது, மூணு நாலு நாள் இடைவெளி விட்டு ஒரு டப்பால சாம்பிள் குடுத்தா முடிஞ்சுது. நியாயமா பாத்தா முதல் டெஸ்டே அதுவாதான் இருக்கணும். ஆனா நாம பொண்ணை அரசமரம் சுத்த விட்டு, விரதம் இருக்க விட்டு, ட்யூப்ல மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுத்து, அது எவ்ளோ வலின்னு எடுத்துக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும், அதெல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா அவர்கிட்ட தயங்கித் தயங்கிக் கேக்குறோம். வளைகாப்புக்கு கூப்பிடாம ஒதுக்குறதும், மலடின்னு பேசுறதும் அவளைத்தான், அதே சொல்லை ஆம்பளையைப் பாத்து ஊர் சொல்லி நான் கேட்டதில்ல.

அவர் வராததுக்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான். எண்ணிக்கை கம்மின்னு ரிப்போர்ட் வந்தா தான் ஆம்பளையே இல்லன்னு ஆயிடும்னு நினைப்பு. எண்ணிக்கைக்கும் படுக்கைல இருக்குற திறனுக்கும் சம்பந்தமில்ல, நிறைய காரணங்களுக்கு வைத்தியமும் இருக்கு. பேசிப் பாத்தும் ஒத்துவரலனா உங்க டாக்டரையே அவர் ரிப்போர்ட் இல்லாம அடுத்த டெஸ்ட் எழுத மாட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. நல்ல டாக்டர்னா அவங்களே சொல்வாங்க.

காண்டம் போடச் சொன்னா "என்மேல சந்தேகமா"ன்னு கேக்குறார். இல்லனா "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்"னு.

நிரோத்னு பேர் வச்சு 1968ல அரசாங்கமே காண்டத்தை இறக்கி, ஒண்ணு அஞ்சு பைசான்னு பெட்டிக்கடை வரைக்கும் கொண்டு போச்சு, குடும்பம் அளவா இருக்கணும்னு. பின்னாடி எய்ட்ஸ் வந்தப்ப அதே பொருளை தப்பான இடத்துக்குப் போறவங்க யூஸ் பண்றதுன்னு ஆக்கிட்டோம். இப்ப பொண்டாட்டி கேட்டா ரெண்டு அர்த்தம்தான் எடுத்துக்குறாங்க, ஒண்ணு அவன் கெட்டவன், இல்லனா அவ கெட்டவ. இந்தியால கல்யாணமான ஜோடிங்கள்ல கருத்தடைக்கு காண்டம் யூஸ் பண்றவங்க 9.5 சதவீதம்தான்.

பேச்சை நோய்ல ஆரம்பிக்காதீங்க, இப்ப புள்ள வேண்டாம்ல, மாத்திரை எனக்கு ஒத்துக்கலன்னு ஆரம்பிச்சா சந்தேகம் நடுவுல வராது. கொஞ்சம் சுத்தி வளைக்கிறதுதான், நேரா பேச முடியிற வீடா இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஒழுக்கமா குடும்பம் நடத்துற பொண்ணுக்கு எச்ஐவி எப்படி வரும்?

அவ ஒழுக்கத்துக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லாததால வரும். இந்தியால முதல்ல எச்ஐவி கண்டுபிடிச்சதே சென்னைலதான், 1986ல, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும், பாலியல் தொழில் பண்ண பொண்ணுங்களோட ரத்தத்தை சேகரிச்சு வேலூர் கொண்டு போய் டெஸ்ட் பண்ணப்ப. அதனாலயோ என்னவோ இது "அந்த மாதிரி பொண்ணுங்க" நோய்னு ஆரம்பத்துலயே பதிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணுங்ககிட்ட வந்துட்டுப் போன ஆம்பளைங்க எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாங்கன்னு யாரும் கேக்கல. பின்னாடி தமிழ்நாட்டுல பாசிட்டிவா இருந்த நிறைய பொண்ணுங்க புருஷனைத் தவிர வேற யாரையும் அறியாதவங்கன்னு தெரிய வந்துச்சு, கர்ப்ப செக்கப்ல டெஸ்ட் எடுக்கும்போது முதல்ல தெரியறது அவளுக்கு, அதனால "நீதான் கொண்டு வந்த"ன்னு பழியும் அவளுக்கு. புருஷன் செத்த பிறகு சொத்தும் குடுக்காம வெளிய தள்ளின கதை எத்தனையோ. இப்படிப்பட்ட பொண்ணுங்களே சேந்து 1998ல சென்னைல ஒரு நெட்வொர்க் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம்தான் இவங்க குரல் வெளிய கேட்டுச்சு.

இன்னிக்கு நிலைமை வேற. 2004 ஏப்ரல்ல இருந்து எச்ஐவிக்கான கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரில இலவசம், சென்னை பக்கத்துல தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி ஆரம்பத்துலயே அதுல இருந்த இடம். ஒழுங்கா மாத்திரை எடுத்து வைரஸ் அளவு டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் குறைஞ்சிட்டா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. அம்மாகிட்ட இருந்து குழந்தைக்குப் போறதையும் பெரும்பாலும் தடுத்துடலாம். 2017ல வந்த எச்ஐவி சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை ஊருக்கு சொல்லக் கூடாது, வேலைல இருந்து தூக்கக் கூடாது.

வெள்ளைப்படுது. உடம்பு சூடுன்னு சொல்லி இளநி, வெந்தயம்னு குடுத்துட்டே இருக்காங்க.

லேசா, வாசனை இல்லாம, மாச நடுவுல வர்றது இயல்பு, அதுக்கு எதுவும் வேண்டாம். நாத்தம், அரிப்பு, தயிர் மாதிரி கட்டி, பச்சை மஞ்சள் நிறம், அடிவயித்து வலி, இதுல எது இருந்தாலும் அது தொற்று, வெந்தயத்துல போகாது. சில தொற்று புருஷன்கிட்ட இருந்து வர்றது, ரெண்டு பேரும் ஒண்ணா மாத்திரை சாப்பிடணும், நீங்க மட்டும் சாப்பிட்டா ஒரு மாசத்துல அதே தொற்று மறுபடி வந்து நிக்கும். இதுலதான் சிக்கலே, எனக்கு ஒண்ணும் இல்லையேம்பார் அவர், ஆம்பளைக்கும் பல நேரம் அறிகுறி இல்லாம உள்ளேயே இருக்கும்.

கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு ஊசி போட்டா பொண்ணு கெட்டுப்போயிடுவாளா?

மாட்டா. இந்தப் புற்றுநோயை உண்டாக்குற எச்பிவிங்கிற வைரஸ் உடம்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் முழுப் பலன், அதான் 9ல இருந்து 14 வயசுல போடச் சொல்றாங்க, வேற உள்நோக்கம் இல்ல. பையனுக்கும் போடலாம், அந்த வைரஸைக் கொண்டு வர்றதுல அவங்க பங்கும் இருக்கே. முப்பது தாண்டின அம்மாக்கள் ஸ்க்ரீனிங் பண்ணிக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பண்றாங்க, ஆனா தமிழ்நாட்டுல 30-49 வயசுப் பொண்ணுங்கள்ல வாழ்க்கைல ஒரு தடவையாவது பண்ணிக்கிட்டவங்க பத்து சதவீதம்கூட இல்ல. நாட்டுலயே நாமதான் முன்னாடி இருக்கோம், இந்தியா கணக்கு 1.9.

கல்யாணம் ஆகல. லேடி டாக்டர்கிட்ட போனா "கல்யாணம் ஆயிடுச்சா"ன்னுதான் முதல்ல கேக்குறாங்க.

அவங்க கேக்க நினைக்கிறது உடலுறவு உண்டான்னுதான், நேரா கேக்க கூச்சப்பட்டு தாலியைக் கேக்குறாங்க. இதனால கல்யாணம் ஆகாதவங்க இல்லன்னு தலையாட்டுவாங்க, டாக்டர் சரியான டெஸ்ட்டை எழுதாம விட்டுடுவாங்க, நோய் உள்ளேயே உக்காந்துக்கும். "கல்யாணம் ஆகல, ஆனா ரிலேஷன்ஷிப்ல இருக்கேன், ஸ்கேன் எப்படி எடுக்கணும்னு அதை வச்சு முடிவு பண்ணுங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிடுங்க. உபதேசம் ஆரம்பிச்சா வேற டாக்டர். 18 வயசு முடிஞ்சிருந்தா அம்மா அப்பாவுக்கு சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

அபார்ஷனுக்கு புருஷன் கையெழுத்து வேணுமா?

சட்டப்படி வேண்டாம். 18 வயசு ஆன பொண்ணோட சம்மதம் மட்டும் போதும், ஆஸ்பத்திரிங்க தங்களோட பாதுகாப்புக்குன்னு கேட்டு பழக்கமாக்கி வச்சிருக்காங்க. 1971 சட்டத்தை 2021ல திருத்தினப்ப கணவன்னு இருந்த இடத்துல பார்ட்னர்னு மாத்தினாங்க, 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் கருத்து போதும், சில சூழ்நிலைகள்ல ரெண்டு டாக்டர் சொன்னா 24 வாரம் வரைக்கும். 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் கல்யாணம் ஆகாதவங்களுக்கும் இந்த 24 வாரம் பொருந்தும்னு தெளிவா சொல்லிடுச்சு. 18க்குக் கீழன்னா பெற்றோர் அல்லது கார்டியன் சம்மதம் வேணும், சின்னப் பிள்ளைங்களை பாலியல் குத்தத்துல இருந்து காக்குற போக்ஸோ சட்டப்படி போலீஸுக்குத் தகவலும் போகும், ஆனா கேட்டுக்கிட்டா பொண்ணோட பேரை டாக்டர் வெளிப்படுத்த வேண்டியதில்லன்னு அதே தீர்ப்புல இருக்கு. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி தானா சாப்பிடறது மட்டும் வேண்டாம், கரு ட்யூப்ல தங்கியிருந்தா உயிருக்கே ஆபத்து.

எமர்ஜென்சி மாத்திரை சென்னைல எந்தக் கடைலயும் இல்லங்குறாங்களே?

நாடு பூரா சீட்டு இல்லாம விக்கலாம்னு 2005லயே அனுமதிச்ச மாத்திரை, தமிழ்நாட்டுல மட்டும் நிறைய கடைல வைக்கறதே இல்ல. கேட்டா ஏற இறங்கப் பாப்பாங்க. பாதுகாப்பு இல்லாம உறவு வச்சுக்கிட்ட பிறகு கரு நிக்காம இருக்க சாப்பிடறது இது, 72 மணி நேரத்துக்குள்ள, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. கிடைக்கலனா அஞ்சு நாளைக்குள்ள காப்பர் டி போட்டாலும் வேலை செய்யும், சொல்லப்போனா மாத்திரைய விட அது உறுதி.

வயசு 22. சுய இன்பத்தால நரம்புத் தளர்ச்சி வந்துடுச்சுன்னு டிவி டாக்டர் சொன்னார். மொத்தமா நாப்பதாயிரம் கேக்குறாங்க.

குடுக்காதீங்க. சுய இன்பத்தால நரம்பு தளராது, உறுப்பு சிறுத்துப் போகாது, கல்யாணத்துக்குப் பிறகு தோல்வியும் வராது. நாப்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்துங்கிற பழங்கணக்கை வச்சு ஒரு வியாபாரமே நடக்குது, மாசத்துல இந்தத் தேதி இந்த ஊர் லாட்ஜ்னு டாக்டர் வர்றது, ராத்திரி டிவி ப்ரோக்ராம், லேகியம், எல்லாம். விந்து போகுதுன்னு பயந்து பயந்தே சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை வர்றதை மனநல டாக்டர்கள் ஒரு பேர் வச்சு 1960லயே எழுதிட்டாங்க, தாத் சிண்ட்ரோம்னு.

பொண்ணுங்களை ஊமையாக்குற அதே வெட்கம் பசங்களை ஏமாளியாக்குது. ஆம்பளைனா எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பாக்குறாங்க, கேட்டா நக்கல், அதனால சொல்லிக் குடுக்குறது போர்ன் படம், பயமுறுத்துறது லேகியக்காரர். பொண்ணு வயசுக்கு வந்தா பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, தாய்மாமன் சீர் தட்டோட ஊருக்கே சொல்றோம், ஆனா உடம்புல என்ன நடக்குதுன்னு அவகிட்ட சொல்றது கிடையாது. பையனுக்கு தூக்கத்துல முதல் தடவை விந்து வெளியானா அவனே ராத்திரியோட ராத்திரியா லுங்கியைத் துவைச்சுப் போட்டுட்டு நோய்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். பன்னெண்டு வயசுல அப்பாவோ மாமாவோ அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசியிருந்தா நாப்பதாயிரம் மிச்சம். உண்மையாவே விறைப்புல பிரச்சனை இருந்தா எம்பிபிஎஸ் டாக்டர்கிட்ட போய் சுகர், பிபி பாருங்க, மனசுல டென்ஷன் இருக்கான்னும் பாருங்க.

நான் ஆம்பளை, ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்பு. வீட்ல பொண்ணு பாக்குறாங்க. டெஸ்ட் எடுக்கப் போனா மாட்டிக்குவேனா?

2018 செப்டம்பர் 6க்குப் பிறகு இது குத்தமே இல்ல. மாத்துறேன்னு சொல்ற வைத்தியத்துக்கு எதிரா 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே உத்தரவு போட்டிருக்கு. அரசு ஆஸ்பத்திரில எச்ஐவி டெஸ்ட்டும் ஆலோசனையும் குடுக்குற நம்பிக்கை மையத்துல டெஸ்ட் ரகசியம்தான். ஆண்களோட உறவு வச்சுக்குற ஆண்கள், திருநங்கைகள்கிட்ட எச்ஐவி மத்தவங்களை விட அதிகமா இருக்குறதுக்கு முக்கிய காரணம் ஒளிஞ்சு வாழ வேண்டியிருக்குறதுதான், அவசரம், இருட்டு, காண்டம் பையில வச்சிருந்தா போலீஸ் பிடிக்கும்னு பல வருஷம் பயந்தது. தமிழ்நாடு 2008லயே திருநங்கைகள் நலவாரியம் அமைச்ச மாநிலம், இருந்தும் ஆஸ்பத்திரில எந்த வார்டு, எந்த க்யூன்னு இன்னும் முழிக்கிறாங்க. கல்யாணம் பண்ணா சரியாயிடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, இன்னொரு பொண்ணோட வாழ்க்கையும் அதுல மாட்டிக்கும்.

எனக்கு விருப்பம் இல்லாதப்பவும் வற்புறுத்துறார். புருஷன்தானன்னு அம்மா சொல்றாங்க.

அம்மா சொல்றது தப்பு. கிரிமினல் சட்டத்துல 18 வயசுக்கு மேல இருக்குற பொண்டாட்டியை வற்புறுத்துறதை பலாத்காரமா இன்னும் எடுத்துக்கல, 2024 ஜூலைல வந்த புது சட்டத்துலயும் அந்த விதிவிலக்கு அப்படியே இருக்கு, கேவலம்தான். ஆனா 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாலியல் கொடுமைன்னே எழுதியிருக்கு, அதுல பாதுகாப்பு உத்தரவு, தங்குற உரிமை, ஜீவனாம்சம் எல்லாம் கேக்கலாம். 181க்கு எந்நேரமும் பேசலாம்.

இதெல்லாம் யார்கிட்ட போய் கேக்குறது?

எச்ஐவி, பால்வினை நோய்க்கு 1097, காசு இல்ல, பேர் சொல்ல வேண்டாம். பொது சந்தேகத்துக்கு 104. நேர்ல போகணும்னா மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் எல்லாத்துலயும் நம்பிக்கை மையமும் பால்வினை நோய் பிரிவும் இருக்கும், சென்னைல மெடிக்கல் காலேஜ்ல இதுக்குன்னே தனி இன்ஸ்டிட்யூட் இருக்கு. சொந்த ஊர்ல தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னு பயமா இருந்தா பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறிப் போங்க, அதுல தப்பில்ல, நிறைய பேர் அப்படித்தான் போறாங்க. காலைல சீக்கிரம் போங்க, கூட்டம் கம்மியா இருக்கும்.